இரு காதும் சமம்

என் வேலை அடுத்தவர் கண்ணை உற்றுப் பார்ப்பது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, ஆஸ்பத்திரியில் காதுக்குத் தண்ணீர் ஊற்றுகிற உத்தியோகம் என்று சொல்லிவைத்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கேசரியைத் தின்று முடித்து, போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். அம்மா சொன்னதில் தப்பில்லை. காதில் தண்ணீர் விட வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் யாருக்கும் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

காதுக்குள் கேட்பதற்கு ஒரு பாகம் உண்டு. அதை ஒட்டியே, விழாமல் நிற்பதற்கு இன்னொரு பாகம் உண்டு. இந்த இரண்டாவது பாகம் ஒழுங்காக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஏமாற்றித்தான் பார்க்க வேண்டும். ஆளைப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, உடம்புச் சூட்டைவிட ஏழு டிகிரி குறைந்த தண்ணீரை நாற்பது நொடி காதுக்குள் விட்டால், தலை சுழல்கிறது என்று அது நம்பிவிடும். உடனே கண்ணுக்குச் சேதி போகும். கண் மெல்ல ஒரு பக்கம் நகரும், வெடுக்கென்று திரும்பி வரும், மறுபடி நகரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போகிறவரின் கண்ணைக் கவனித்தால் இதே அசைவு தெரியும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நிறுத்து என்றாலும் நிற்காது. தண்ணீர் விடத் தொடங்கியதிலிருந்து துடிப்பு அடங்கும்வரை ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தால் சுமார் இரண்டு நிமிஷம் வரும். அப்புறம் அடுத்த காது. அப்புறம் இரண்டுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். நான்கு தடவைக்கும் நோட்டில் நான்கு கோடு கிழிப்போம். ஒரு காதின் கோடு குட்டையாக இருந்தால் அந்தக் காதில் பழுது. நான்கும் ஒத்துப்போனால் நோயாளி வீட்டுக்குப் போகலாம்.

கண் பொய் சொல்லாது என்பார் எங்கள் டாக்டர். சரிதான், கண் சொல்லாது. அதைப் பார்த்து எழுதுகிறவள் சொல்லலாம். ஆனால் அந்த நாளில் எனக்கு இப்படியெல்லாம் யோசிக்கத் தோன்றியதில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்கென்று ஒரு பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். சுவரில் ஆணியடித்து இரண்டு எனிமா கேன் மாட்டியிருக்கும், ஒன்றில் பானைத் தண்ணீர், இன்னொன்றில் சுடவைத்தது. ரப்பர் குழாய், காதோரம் பிடிக்க ஒரு கிட்னி ட்ரே, ஒரு தெர்மாமீட்டர். நோயாளிக்கு மாட்டிவிட சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று. அதை மாட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு அவர் கண் மாட்டுக் கண் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். டாக்டர் விழுப்புரத்தில் குடியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் வருவார். சேலம் வரைக்கும் இப்படி ஒரு அறை கிடையாது என்று பெருமை அடித்துக்கொள்வார். தண்ணீர் விடுவதும் நேரம் பார்ப்பதும் கோடு கிழிப்பதும் என் பொறுப்பு. கோட்டுக்கு அர்த்தம் சொல்வது அவர் பொறுப்பு. நான்கு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததில் அர்த்தமும் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று ஒரு மிதப்பு எனக்குள் இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் விட்ட பிறகு நோயாளியைச் சும்மா விடக் கூடாது. மனசு தூங்கினால் கண்ணும் அடங்கிவிடும், துடிப்பு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் ஏதாவது பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் கண்டுபிடித்த வழி பஸ் ஸ்டாப். கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லுங்கள் என்பேன். மாடூர், தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை, மடப்பட்டு, அரசூர் என்று எல்லோரும் கடகடவென்று சொல்வார்கள். ரிஷிவந்தியம் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊர் ரோட்டில் திரும்பிவிடுவார்கள், அதுவும் பரவாயில்லை. ஒரு கண்டக்டர் டிக்கெட் விலையோடு சேர்த்துச் சொன்னார். டாக்டருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த வருஷம் அது. எங்கள் ஊர்ப் பக்கம் மறியல் என்றால் ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். எங்கள் சாதி ஆட்கள்தான். என் அண்ணனும் போனான். நல்ல மார்க் வாங்கியும் ஒரு வேலையும் கிடைக்காமல் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவன் அவன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த நியாயத்தை யாரிடம் எந்த வாயால் பேசினேன் என்பதுதான் என் வெட்கம்.

என் அறையிலிருந்து இருபது அடி தள்ளித் தடுப்பூசி அறை. அங்கே இருந்த நர்ஸ் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சேரியிலிருந்து படித்து வந்தவர். மத்தியானச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான், என் குழம்பு அவர் தட்டில், அவர் பொரியல் என் தட்டில். முதலில் ஒரு நாள் மறியல் நடந்தபோது அவர் உளுந்தூர்பேட்டையிலிருந்து சொட்டு மருந்துப் பெட்டியோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வழியில் மறித்து இறக்கி, என்ன சாதி என்று கேட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்கவைத்திருக்கிறார்கள். பெட்டியில் இருந்த ஐஸ் உருகி மருந்து பாழாகிவிட்டது. சாயங்காலம் நடந்து வந்து சேர்ந்தவர், என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அழுதுகொண்டே, உங்க ஊரு ஆளுங்கதான், உங்க அண்ணனும் அங்கதான் நின்னுக்கினு இருந்தாரு என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அண்ணன் பேரைச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"நீங்கள்லாம் ஒதுக்கீடு வாங்கிக்கினு உக்காந்துட்டீங்க. நாங்க கேட்டா மட்டும் வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டார். பதினைந்து நாள் ஆகியும் பேச்சு இல்லை. எதிரே வந்தால் நான் சுவரைப் பார்ப்பேன், அவர் ரிஜிஸ்டரைப் பார்ப்பார். முதலில் யார் பேசுவது என்கிற வீம்பு என்னிடம்தான் ஜாஸ்தி.

புரட்டாசியில் மறியல் ஒரு வாரம் நீண்டது. பஸ் இல்லை, கடை இல்லை, டாக்டர் விழுப்புரத்திலேயே மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி வெறிச்சென்று கிடந்தது. அதில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் அறை வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் வந்து நின்றார்கள். கல்வராயன் மலைக்காரர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம், மெலிந்த உடம்பு. காலை அகட்டி வைத்து, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவி மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கச்சிராயபாளையம் வரைக்கும் இறங்கி, அங்கே ஒரு இரவு தங்கி, அங்கிருந்தும் நடந்தே வந்திருக்கிறார்கள்.

அந்தச் சீட்டு, மலையில் அவருக்கு ஊசி போடுகிறவர் எழுதியது. சளி நோய்க்கு, டி.பி.க்குத்தான், இரண்டு மாதமாகத் தினம் ஊசி போகிறது. நோய் குறைகிறது, ஆனால் நடை தள்ளாடுகிறது. அது சாராயமா காதா என்று பார்த்துச் சொல்லவும், காது என்றால் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடரலாம் என்று எழுதியிருந்தது. அந்த ஊசி சிலருக்கு விழாமல் நிற்கிற அந்தப் பாகத்தைத் தின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். பாதியில் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். முழுக்கப் போனால் போனதுதான், அதற்கு மருந்து கிடையாது.

அந்தப் பெண் தன் வாயாலும் சொன்னாள். இருட்டினால் அவரால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. நடக்கும்போது எதிரே இருக்கிற மரம், வீடு எல்லாம் குதிக்கிறது என்கிறார். புளிக் காலத்தில் மரமேறி உலுக்குவதுதான் அவர் பிழைப்பு, மலையில் அவரைப்போல ஏறுகிறவர் கிடையாது. ஊரில் எல்லோரும் குடித்துவிட்டு ஆடுகிறார் என்று சிரிக்கிறார்கள்.

"அவரு குடிக்க மாட்டாருங்க. நான் கூடவே இருக்கிறவ, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

சமவெளியில் பிறந்த எங்களுக்கு மலைக்காரர் என்றால் மனசில் முதலில் வருவது சாராயம். பானையும் அடுப்பும் ஓடையோரமும் நாங்களே கண்ணால் பார்த்த மாதிரிப் பேசுவோம். நானும் அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். காதைப் பார்க்கக் குனிந்தபோது அவர் மூச்சை மோந்து பார்த்தேன். விறகுப் புகை வாசனைதான் வந்தது. நேற்றுக் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கேட்கும் சக்தியைப் பார்த்தேன். இரண்டு காதும் அருமையாகக் கேட்டது. அந்த ஊசி கேட்பதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடிக்கும் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரைப் படுக்கவைத்து வலது காதில் தண்ணீர் விட்டேன். பஸ் ஸ்டாப் பேரெல்லாம் சொல்லுங்கள் என்றேன்.

அவர் பேசவில்லை. விழுப்புரம் வரைக்கும் சொல்லுங்கள் என்று சத்தமாகக் கேட்டேன். தெரியாது என்கிற மாதிரித் தலையை அசைக்கப் பார்த்தார், தலையை ஆட்டாதீர்கள் என்று அதட்டினேன். அப்படியே வாயை மூடிக்கொண்டார். கண் மெல்ல நகர்ந்து திரும்பியது. எண்ணினேன். ஏழு தடவை. நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு எண்ணி மாளாது. இடது காதில் எட்டு. சூட்டுத் தண்ணீருக்கு வலதில் ஆறு, இடதில் ஏழு. நோட்டில் நான்கு குட்டைக் கோடு, ஏறக்குறைய ஒரே அளவில்.

அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாலும் இவ்வளவு குட்டையாக இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் பேசவே இல்லையே, மனசு தூங்கிவிட்டது, அதனால் கண்ணும் அடங்கிவிட்டது என்று ஒரு சமாதானம் கையில் தயாராக இருந்தது. மலைக்காரர், மந்தம், குடி வேறு. பஸ் ஏறியே பழக்கமில்லாத ஒருவரிடம் பஸ் ஸ்டாப்பைக் கேட்டிருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவில்லை.

இப்படிக் குறைவாக வந்தால் என்ன செய்வது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவைத்திருந்தார். எதையும் எழுதும் முன் ஐஸ் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஐஸுக்குக் கண் துள்ளினால் காது நன்றாக இருக்கிறது, சோம்பல்தான் காரணம். அதற்கும் அப்படியே கிடந்தால் பழுது. வழக்கமாக பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையில் ஐஸ் வாங்கி வருவோம். அன்றைக்குக் கடை அடைப்பு. ஐஸ் இருந்த ஒரே இடம் தடுப்பூசி அறை.

எழுந்து போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு ஊசிகளை எடுத்துக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டிருக்கும், திரும்பவில்லை. அக்கா கொஞ்சம் ஐஸ் வேணும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் மறித்ததில் உருகிப் போனதும் ஐஸ்தான் என்று நினைப்பு வந்தது. கேட்டால் அதைச் சொல்லிக் காட்டுவார், நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்று பட்டது. ஒரு நிமிஷம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நோட்டில், ஐஸ் கிடைக்கவில்லை, நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதினேன். சீட்டின் பின்பக்கம், இரு காதும் சமம், காதில் கோளாறு இல்லை என்று எழுதி முத்திரை குத்தினேன். அர்த்தம் சொல்வது என் வேலை அல்ல. அன்றைக்கு நான்தான் டாக்டர்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் சீட்டைக் கொடுத்தேன். "காதுல ஒண்ணும் இல்லம்மா. ஊசியை நிறுத்த வேணாம். குடியை நிறுத்தச் சொல்லு" என்றேன்.

அவர் குடிக்க மாட்டார் என்று மறுபடி சொல்ல வாயெடுத்தாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். அவள் அவருக்குக் கை கொடுக்காமல் நடந்ததை நான் பார்த்தேன், அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மறியல் முடிந்து டாக்டர் வந்தார். ஒரு வாரத்து வேலை குவிந்து கிடந்தது. நோட்டைப் புரட்டி எல்லாப் பக்கத்திலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்திலும் போட்டார்.

மார்கழியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். வெள்ளிக்கிழமை, டாக்டர் இருந்தார். ஊசி முழுக்கப் போட்டு முடித்தாகிவிட்டது, நெஞ்சு சுத்தமாகிவிட்டது. ஆனால் அவர் இப்போது இரண்டு கையாலும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் ஒரு பெரிய தழும்பு. வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. புளி பழுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் மரமேற முடியுமா என்று கேட்கத்தான் வந்ததாகச் சொன்னார். அவர் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலில் முழுசாகக் கேட்டேன்.

டாக்டர் ஐஸ் கொண்டுவரச் சொல்லி ஆயாவை அனுப்பினார். தடுப்பூசி அக்கா தானே ஒரு கிண்ணத்தில் ஐஸ் எடுத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள், ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. டாக்டர் ஐஸ் தண்ணீரைக் காதில் விட்டார். பஸ் ஸ்டாப் என்று நான் ஆரம்பித்ததும் டாக்டர் கையமர்த்தினார். உங்கள் மலையில் நீங்கள் ஏறுகிற புளியமரம் எல்லாம் எங்கெங்கே இருக்கிறது, சொல்லுங்கள் என்றார்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஓடைப்புளி, கோணப்புளி, பாறை மேல் நிற்கிற இரட்டைப்புளி, தேனடைப்புளி, இடி விழுந்த மரம், கோயில் மரம். எந்த மரத்தில் எந்தக் கிளை வலு, எதில் எறும்பு ஜாஸ்தி, எது இனிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். அப்படி ஒரு பேச்சுக்காரர். மனசு எங்கேயும் தூங்கவில்லை. கண்ணாடிக்குள் அவர் கண் அப்படியே நின்றது. நான் எண்ணுவதற்குத் தயாராக இருந்தேன், ஒன்று கூட வரவில்லை. அடுத்த காதிலும் வரவில்லை. அவர் மரங்களைச் சொல்லி முடிக்கவே இல்லை, டாக்டர்தான் போதும் என்றார்.

பழைய நோட்டை எடுத்துவரச் சொன்னார். என் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். கீழே தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"அன்னிக்கு ஏழெட்டு இருந்திருக்கு. அப்பவே நிறுத்தியிருந்தா அதாவது மிஞ்சியிருக்கும்" என்றார். ஐஸ் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார்.

மறியல், கடையெல்லாம் அடைப்பு என்றேன். கிண்ணத்தை வைத்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் கை கழுவப் போன பிறகுதான், மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னார். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

விஷயத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையை டாக்டர் என்னிடம் விட்டார். இனி மரமேறக் கூடாது, இருட்டில் தனியாகப் போகக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது, பகலில் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கப் பழகிக்கொள்ளலாம், போனது திரும்பி வராது. இதையெல்லாம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது கையில் என்ன கயிறு என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வேறு எதையாவது பேச வேண்டும் போல இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார்.

மலைக்கோயிலில் கட்டியது என்றாள் அவள். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சாமிக்கு முன்னால் சத்தியம் செய்து கட்டிக்கொள்கிற கயிறு. குடிக்காத மனுஷனுக்கு அதை ஏன் கட்டினீர்கள் என்று என் வாய் கேட்டுவிட்டது.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. "காதுல ஒண்ணும் இல்ல, குடியை நிறுத்தச் சொல்லுன்னு. ஊரே சொல்லிக்கினு இருந்தப்பகூட நான் நம்பல. நீங்க தண்ணி வுட்டுப் பாத்துச் சொன்னப்புறம் எப்டி நம்பாம இருக்கிறது? அன்னிலேர்ந்து கையைப் புடிக்கிறத வுட்டுட்டேன். குடிச்சவனுக்கு இன்னாத்துக்குக் கை குடுக்கணும்னு."

விடியற்காலை வெளிக்குப் போன இடத்தில் தனியாக விழுந்து பாறையில் நெற்றி அடிபட்டது என்று சொன்னாள். ரத்தத்தோடு வந்தவரை ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் விடவில்லையாம். கடைசியில் கயிறு கட்டிக்கொள் என்று அவள் அழுதபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நான் குடிக்கவே இல்லை என்று சொல்லி அலுத்துப்போய், கட்டிக்கொண்டால் வீட்டில் சண்டை நிற்கும் என்று கையை நீட்டிவிட்டார்.

அது குடி இல்லை, ஊசியால் வந்தது, அன்றைக்கே கண்டுபிடித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"இத எங்க ஊருல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். "நான் சொன்னா புருஷனுக்குப் பரிஞ்சுக்கினு பேசறான்னுவாங்க. நீங்க வந்து சொன்னா நம்புவாங்க."

வருகிறேன் என்றேன். எந்தக் கிழமை என்று கேட்டாள். அடுத்த வியாழக்கிழமை என்றேன். அவள் விரல் மடக்கி நாளை எண்ணிக்கொண்டாள். அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். லீவு நான் கேட்கவே இல்லை. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று என் வாயால் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே பயம் இருந்தது.

தை பிறந்த பிறகு, மலையில் ஊசி போடுகிறவர் மருந்து வாங்க வந்தார். நானே வலியப் போய் அவர்களைப் பற்றி விசாரித்தேன். அந்தம்மா அந்த வியாழக்கிழமை ஊரையே கூட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். கள்ளக்குறிச்சியிலிருந்து அம்மா வருகிறார்கள், வந்து எல்லாம் சொல்வார்கள் என்று வீடு வீடாகப் போய் அழைத்திருக்கிறாள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்கள்.

"அந்தம்மாகூட எழுந்து வூட்டுக்குப் போயிடுச்சுங்க," என்றார். "அவருதான் பொழுது சாயற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்தாரு. நீங்க வருவீங்கன்னு சொல்லிக்கினு."